சுப்புத்தாயின் கருப்புக் கம்பளி

17 பிப்ரவரி 2025, திங்கள்

உறுதியானது: குரங்கணிக்கு மேலே மலைச்சரிவில் ஒரு தாய்க் கரடி இரண்டு குட்டிகளோடு இருக்கிறது. சொன்னவர் வனச்சரகர் பொற்கொடி. ஆதாரம், ஓடைக்கரை மரத்தில் வனத்துறை கட்டியிருக்கும் தானியங்கிக் கேமரா. சனிக்கிழமை காலை 6.12க்குப் பதிவான படம்.

படத்தை நானே பார்த்தேன். பார்த்தேன் என்று எழுதினால் போதாது, நாலு தடவை கேட்டு வாங்கிப் பார்த்தேன். தாயின் தோளுக்கு மேல் முடி சடைசடையாக நிற்கிறது. அந்தச் சடைக்குள் இரண்டு முகங்கள். ஒன்று முன்னால் பார்க்கிறது. இன்னொன்று வந்த வழியைத் திரும்பிப் பார்த்தபடி இருக்கிறது, பஸ்சில் கடைசி சீட்டில் மண்டியிட்டு உட்கார்ந்த பிள்ளை மாதிரி. மூன்று மாதம் இருக்கலாம் என்றார் பொற்கொடி. தரையில் விட்டால் சிறுத்தை தூக்கிவிடும். முதுகுதான் அவற்றுக்கு வீடு.

முப்பத்தோரு வருடத்தில் நான் எழுதிய கரடிச் செய்திகள் எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் கடிபட்டிருக்கிறார். குட்டியைப் பற்றி எழுதியது ஒரே ஒரு தடவை. அதை இன்றைக்கு நினைக்க வேண்டாம்.

படத்தை அனுப்பச் சொன்னேன். பொற்கொடி மொபைலைக் கவிழ்த்து வைத்துவிட்டார். "போட்டீங்கன்னா நாளைக்கே இருபது ஜீப்பு மேல நிக்கும், மேடம்." நியாயம். அந்த ஓடையின் பெயரை இந்த நோட்டில்கூட எழுதப்போவதில்லை.

18 பிப்ரவரி, செவ்வாய்

பகல் முழுக்க ஏலக்காய் ஏல மையம். வரத்து குறைவு, கடைசிக் காய் எடுப்பு நடக்கிறது. மனசு ஓடைக்கரையில்.

19 பிப்ரவரி, புதன்

வரிசையாக எழுதுகிறேன்.

காலை 8.25. கங்காணி காசிராஜன் போன். குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் பெண்களுக்கு மேலாள். பத்து வருடப் பழக்கம். மழை, மரம் விழுந்தது, ஜீப்பு கவிழ்ந்தது என்று எதுவானாலும் எனக்குத்தான் முதலில் சொல்வார். "அக்கா, வெரசா வாங்க. சுப்புத்தாயி முதுகுல கரடிக்குட்டி ஏறி உக்காந்துருக்கு. எறங்க மாட்டேங்குது."

குடித்திருக்கிறாரா என்று ஒரு கணம் நினைத்தேன். பின்னால் பெண்கள் கத்துவது கேட்டது. கூடவே, பச்சைப்பிள்ளை அழுவது போலவும் நாய் முனகுவது போலவும் ஒரு சத்தம். செருப்பு மாட்டினேனா என்றுகூட நினைவில்லை.

10.50க்குத் தோட்டத்தில் இருந்தேன். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் வாசலில், காய் கொட்டும் சிமெண்டுக் களத்தில், சுப்புத்தாய் சம்மணம் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். சிலமலை ஊர்க்காரி, நாற்பது வயதிருக்கும். தலையிலிருந்து முதுகு மூடத் தொங்கும் கருப்புக் கம்பளி, பனிக்குப் போடும் கொங்காணி. அந்தக் கம்பளி மூச்சு விட்டது. கிட்டே போன பிறகுதான் தெரிந்தது, கம்பளியின் மேல் அதே நிறத்தில் இன்னொரு கம்பளி. மூக்கு மட்டும் வெளுத்திருந்தது. இரண்டு முன்னங்காலும் அவள் தோளைக் கட்டியிருந்தன. நகம் என் சுண்டுவிரலில் பாதி நீளம்.

"வாங்கக்கா. எந்திரிச்சுக் கும்பிட முடியல, வெளயாட்டுப்பிள்ள தூங்குது" என்றாள் சுப்புத்தாய்.

என்ன நடந்தது என்று கேட்டேன். ஏலக்காய் செடியின் அடித்தூரில், மண்ணோடு படர்ந்த சரத்தில்தான் காய்க்கும். எடுப்பவர்கள் நாள் முழுக்கக் குனிந்தே நகர வேண்டும். அவள் அப்படிக் குனிந்திருக்கிறாள், முதுகு தரைக்குச் சமமாக, கருப்பாக.

"பின்னாடி யாரோ கம்பளியப் பிடிச்சு இழுத்தாக. மருதாயிதான் சேட்டை பண்றானு நெனச்சு, 'விடுறி, சரத்த மிதிச்சுருவேன்'னேன். விடல. ஏறுது. என்னடி இவ இம்புட்டு எளச்சுப் போனானு..."

பக்கத்தில் நின்ற மருதாயி அவளைப் போல மும்மடங்கு இருப்பாள். "நான் ஏறியிருந்தா நீ இந்நேரம் ஏலச்செடிக்கு உரமாயிருப்ப."

"இவ கத்துன கத்துலதான் எனக்குத் தெரிஞ்சுச்சு, இவ எனக்கு முன்னாடி நிக்கிறானு! அப்ப பின்னாடி யாரு?"

களமே சிரித்தது. குட்டி விழித்து ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடி கம்பளிக்குள் முகத்தைப் புதைத்தது. பிரிக்கப் போனால் அலறுகிறது, நகத்தை இறக்குகிறது. அதனால்தான் மூன்று மணி நேரமாக அவள் அசையாமல் இருக்கிறாள். தண்ணீரை மருதாயி வாயில் ஊற்றினாள்.

காசிராஜனிடம் நேரம் கேட்டுக் குறித்தேன். ஜீப்பு வந்தது 7.20. காய் எடுக்க இறங்கியது 7.30. குட்டி ஏறியது எட்டுக்கு முன்னால். தகரம் தட்டினார்களா என்று கேட்டேன். இந்தத் தோட்டங்களில் அது பழக்கம்: ஆட்கள் இறங்கும் முன் கங்காணி தோட்டத்தின் கீழ் ஓரத்தில் நின்று காலி எண்ணெய்த் தகரத்தைத் தட்டுவார். படுத்திருக்கும் மிருகம் எதுவாக இருந்தாலும் சத்தத்துக்கு விலகி மேலே காட்டுக்குள் போய்விடும்.

"தட்டாம எறங்குவமாக்கா? எப்பவும்போலக் கீழ நின்னுதான் தட்டுனேன். தாயி மேல சோலைக்குள்ள ஓடிருச்சு. இது மட்டும் நழுவி விழுந்துருச்சு போல."

12.15. பொற்கொடியும் கால்நடை மருத்துவரும் வந்தார்கள். குட்டி இரண்டரை கிலோ, காயம் இல்லை. சுப்புத்தாய் கம்பளியைக் கழற்றித் தந்த பிறகுதான் அதைச் சுருட்டிக் கூடைக்குள் வைக்க முடிந்தது, கம்பளியோடு சேர்த்து. தாய் மேலே போனதால் கூடையை மேலே சோலைக்காட்டு விளிம்பில் வைப்பது என்று முடிவானது. பக்கத்தில் கேமரா. தாய் தேடி வரும் என்றார் பொற்கொடி, நல்ல உற்சாகத்தில் இருந்தார். எனக்கும்தான்.

சுப்புத்தாய் பின்னாலிருந்து கூப்பிட்டாள்: "அம்மா, கம்பளி திரும்பி வருமா?"

செழியன் எங்கள் பத்திரிகையின் மதுரை டெஸ்கிலிருந்து மூன்று முறை கூப்பிட்டுவிட்டார். படம் என் மொபைலில் இருக்கிறது: பெண், கம்பளி, அதன் மேல் வெள்ளை மூக்கு. இப்படி ஒரு படம் எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. தாயோடு சேரும் வரை தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "அக்கா, உங்களுக்கு ரிட்டயர்மெண்ட் புத்தி வந்துருச்சு" என்றார்.

20 பிப்ரவரி, வியாழன், பகல்

தாய் வரவில்லை. கேமராவில் ஒரு கடமான், இரண்டு காட்டுக்கோழி. குட்டி பால் குடிக்க மறுக்கிறது. பொற்கொடி சொன்ன கெடு: சனிக்கிழமை காலை பத்து மணி. அதற்குமேல் குட்டி தாங்காது, உயிரியல் பூங்காவுக்குப் போகும். வண்டிக்குச் சொல்லியாயிற்று.

போனால் போனதுதான். கூண்டில் வளர்ந்த கரடிக்குக் காடு கிடையாது.

மாலை

இப்போது நினைத்தே ஆக வேண்டும். 2011. வருசநாட்டுப் பக்கம் ஒரு குட்டி தனியாகக் கிடைத்தது. விறகு வெட்டப் போன ஒருவர் சொன்னார், தாய் விட்டுவிட்டுப் போய்விட்டது என்று. அந்த ஒரே வாயை நம்பி 'தாய் கைவிட்ட கரடிக்குட்டி' என்று எழுதினேன். நாலு பத்தி, படத்தோடு. எல்லோருக்கும் இரக்கம் வந்தது, மறுநாளே குட்டி பூங்காவுக்குப் போனது. பத்து நாள் கழித்து அங்கே போனபோது ஆடு மேய்ப்பவர்கள் சொன்னார்கள்: குட்டி கிடைத்த குறிஞ்சிச் செடிப் புதரை ஒரு கரடி தினமும் வந்து சுற்றுகிறது, மண்ணைக் கிளறுகிறது, முனகுகிறது. அதை நான் எழுதவில்லை. செய்தி பழசாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இப்போதும் 'தாயி மேல ஓடிருச்சு' என்பதற்கு ஆதாரம் ஒரே வாய்தானே?

நோட்டை எடுத்தேன். 7.20 ஜீப்பு. 7.30 இறங்கியது. பத்து நிமிடம். அந்தத் தோட்டத்துக்கு ஜீப்பு ரோடு இரண்டு, மேலே ஒன்று, கீழே ஒன்று. மேல் ரோட்டில் நின்றிருந்தால் கீழ் ஓரத்துக்கு இறங்கவே இருபது நிமிடம் ஆகும். எந்த ரோட்டில் நின்றது? கேட்கவில்லை. முப்பத்தோரு வருடம், இதைக் கேட்கவில்லை!

சிலமலைக்குக் கடைசி பஸ்சுக்கு முந்தினதைப் பிடித்தேன். சுப்புத்தாய் அடுப்பு முன்னால், மருதாயி வாசல்படியில். பக்கத்துப் பக்கத்து வீடு.

"சுப்புத்தாயி, நேத்து ஜீப்பு எந்த ரோட்டுல நின்னுச்சு?"

"மேல ரோட்டுலதான்கா. கீழ் ரோட்டுல பாலம் வேல நடக்குதுல்ல."

"அப்ப தகரம் தட்டக் கீழ யாரு எறங்குனது?"

அவள் அடுப்பைப் பார்த்தாள். மருதாயி சேலைத் தலைப்பைத் திருகினாள்.

"அக்கா, அந்தாளு எங்களுக்கு நல்லது செய்ற மனுசன்" என்றாள் சுப்புத்தாய். "பிள்ளைக்குக் காச்சல்னா சோலிய விட்டுட்டுப் போடிம்பாரு. முதலாளி காதுக்குப் போனா கங்காணிப் பொழப்பு போயிரும்."

"குட்டி பால் குடிக்கல" என்றேன்.

மருதாயிதான் சொன்னாள். "யாரும் எறங்கலக்கா. மேல ரோட்டுலயே நின்னு தட்டுனாரு. கரடி எங்களுக்குக் கீழதான் ஓடுச்சு. பாறைப் பக்கம். நான் பாத்தேன். முதுகுல ஒண்ணு இருந்துச்சு."

"நேத்து ஏண்டி சொல்லல?" என்றேன்.

"நேத்துதான் நீங்க சிரிச்சுக்கிட்டு இருந்தீகளே."

கூடை இருப்பது மேலே. தாய் இருப்பது கீழே. நடுவில் நாற்பது ஏக்கர் தோட்டம், ஸ்டோர், ரோடு, ஆள், புகை. எப்படி வரும்?

21 பிப்ரவரி, வெள்ளி

காலை 5.40, போடி ஜீப்பு நிற்கும் இடம். காசிராஜன் கையில் டீ. நான் நோட்டைத் திறக்கவே இல்லை. "காசி, தகரத்த மேல நின்னு தட்டுனீகளா?"

டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார். பிறகு சொன்னார். "முட்டி வலி அக்கா. ரெண்டு வருசமா. அவ்வளவு தூரம் எறங்கி ஏற முடியல. ஒரு நாள்தானேன்னு..." நிறுத்தினார். "நேத்து ராத்திரி பூரா அது கத்துறது காதுல கேட்டுக்கிட்டே இருந்துச்சு. ஸ்டோர்ல இல்ல, வீட்டுல படுத்துருக்கும்போது."

"நான் ரேஞ்சர்கிட்டச் சொல்லவா, நீங்க சொல்றீகளா?"

"நானே சொல்றேன். நீங்க சொன்னா அது செய்தி. நான் சொன்னாத்தான் மன்னிப்பு."

சொன்னார். ஆறேமுக்காலுக்கு, பொற்கொடி முன்னால், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, முட்டி வலி உட்பட. பொற்கொடி மணி பார்த்தார். "ரெண்டு நாள் போச்சுங்க" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் காசிராஜனுக்கு லேசாக இருந்திருக்கும்.

இந்த முறை இரண்டாவது ஆதாரம் வேண்டும் என்றேன். நான் கேட்கும் முன்பே பொற்கொடி ஆள் அனுப்பியிருந்தார். 8.30க்கு வாக்கி டாக்கியில் பதில்: கீழ்ப் பாறைக்குப் பக்கத்தில் மூன்று கறையான் புற்று புதிதாகத் தோண்டிக் கிடக்கிறது, ஈர மண். பாறைப் பொந்துக்குப் போகும் வழியில் பெரிய தடம். நேற்று மாலைக்குப் பிந்தியது, அல்லது இன்று காலை.

அங்கேயேதான் இருக்கிறது! இரண்டு நாளாக அங்கேயே நின்று தேடியிருக்கிறது. நான் சத்தமாகக் கைதட்டிவிட்டேன். வனக்காவலர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

குட்டியைக் கீழே கொண்டுபோக வேண்டும், மாலை காய் எடுப்பு முடிந்து ஆள் நடமாட்டம் அடங்கிய பிறகு. கூடையில் வைத்தால் இறக்கத்தில் உருள்கிறது, கத்துகிறது. கத்தல் கேட்டுத் தாய் நடுவழியில் பாய்ந்தால்? சுப்புத்தாய் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "கம்பளியக் கொண்டாங்க."

கொங்காணி போட்டுக்கொண்டு குனிந்தாள். குட்டி தானாக ஏறியது. ஏறிய வேகம்! அவள் முன்னால், இரண்டு பக்கமும் காவலர்கள், பின்னால் மருத்துவர், நான், கடைசியில் முட்டியைப் பிடித்தபடி காசிராஜன். வர வேண்டாம் என்றதற்கு, "இருபது நிமிசம்தானே, அன்னைக்கு நடக்காதத இன்னைக்கு நடக்குறேன்" என்றார். பாதி வழியில் சுப்புத்தாயின் குரல் மட்டும் தணிந்து கேட்டது. "பொறு ஆத்தா, பொறு. இந்தா வந்துருச்சு."

பாறைக்கு நாற்பது அடி முன்னால் ஒரு மொட்டைப் பலா மரம். அடியில் கம்பளியைக் கழற்றிக் குவித்து, குட்டியை அதற்குள் விட்டு, பின்வாங்கினோம். மாலை 4.10. நாளைக்கு யாரும் காய் எடுக்கப் போவதில்லை என்று காசிராஜன் சொல்லிவிட்டார். முதலாளியிடமும் சொல்லிவிட்டாராம், காரணத்தோடு.

பூங்கா வண்டி நாளை எட்டரைக்குக் குரங்கணி வந்துவிடும்.

22 பிப்ரவரி, சனி

எதிர்ச்சரிவு. பாறைக்கும் எங்களுக்கும் நடுவில் ஓடை, நேர்க்கோட்டில் இருநூறு மீட்டர். பொற்கொடியிடம் பைனாகுலர் ஒன்று, மருத்துவரிடம் ஒன்று. நான் கடன் வாங்கிப் பார்த்தேன். பென்சிலில் அப்போதே எழுதியது, அப்படியே ஒட்டுகிறேன்:

6.20. வெளிச்சம். கம்பளி தெரிகிறது. குட்டி தெரியவில்லை.

6.26. கம்பளி அசைந்தது. இருக்கிறது.

6.33. ஒன்றுமில்லை. பனி ஏறுகிறது. போ, போ.

6.38. பாறை நகர்ந்தது. பாறை இல்லை, அதுதான். அதுதான்! முதுகில் ஒன்று.

6.39. நிற்கிறது. காற்றை மோக்கிறது. நாங்கள் மூச்சு விடவில்லை.

6.41. கம்பளியிடம் வந்துவிட்டது. மோந்து பார்த்துத் தும்முகிறது — அடித்தது — கம்பளியை ஓர் அடி. உருண்டது. குட்டி? குட்டி எங்கே?

6.42. கத்துகிறது. இங்கே வரைக்கும் கேட்கிறது. தாய் தலையைத் தாழ்த்தியது. முழுக்கத் தாழ்த்தி, முன்னங்காலை மடக்கி — ஏறு, ஏறு, ஏறு —

6.43. ஏறிவிட்டது.

அதற்குமேல் எழுத்து இல்லை, கோடுதான். பொற்கொடி என் கையைப் பிடித்திருந்தார், வலித்தது. மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். கரடி ஓடையோரம் கீழே இறங்கிப் புதருக்குள் போயிற்று. கடைசியாகப் பார்த்தது: முதுகில் இரண்டு. ஒன்று திரும்பி உட்கார்ந்து, கம்பளி கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டு போனது.

7.05க்குப் பொற்கொடி பூங்கா வண்டிக்குப் போன் செய்தார். வண்டி அப்போதுதான் தேனி தாண்டியிருந்தது. "திரும்பிப் போங்க" என்றார். அவ்வளவுதான்.

சேதிக்காக ஸ்டோரில் காத்திருந்த பெண்களிடம் போய்ச் சொன்னேன். மருதாயி குலவை போட்டாள். காசிராஜன் தகரத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

சுப்புத்தாய் கேட்டாள்: "என் கம்பளிய அடிச்சுச்சா? எதுக்கு அடிச்சுச்சு?"

மருதாயி: "சக்களத்தினு நெனச்சுருச்சு போல."

24 பிப்ரவரி, திங்கள்

செய்தி வந்தது. முதல் பக்கம், மூன்று பத்தி. இடத்தின் பெயர் இல்லை. தகரம் மேலிருந்து தட்டப்பட்டதும் இருக்கிறது, சொன்னவர் பெயரோடு. காசிராஜன்தான் பெயரைப் போடச் சொன்னார். சுப்புத்தாயின் படம் உண்டு. செழியன் 'தாயாக மாறிய தொழிலாளி' என்று தலைப்பு வைத்திருந்தார். மாற்றச் சொன்னேன். அவள் தாயாகவில்லை, தாய் வேறொருத்தி, அவள் வரும்வரை இவள் முதுகு கொடுத்தாள். சண்டை போட்டு ஜெயித்தேன். ஒன்பது மணிக்குள் நாற்பது போன், எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: எந்த இடம்?

28 பிப்ரவரி, வெள்ளி

இன்று தோட்டத்துக்குப் போனேன். கீழ் ரோட்டுப் பாலம் முடிந்துவிட்டது. காசிராஜன் வேலையில்தான் இருக்கிறார்; முதலாளி முதலில் கத்தினாராம், பிறகு முட்டிக்குத் தைலம் கொடுத்தாராம். 7.15க்குக் கீழ் ஓரத்தில் நின்று தட்டினார். வெற்றிலை போட்டு மெல்லும் நேரம் வரை எல்லோரும் காத்திருந்தார்கள். ஒருத்தியும் முணுமுணுக்கவில்லை. சுப்புத்தாய்க்குப் பொற்கொடி புதுக் கம்பளி வாங்கிக் கொடுத்திருக்கிறார், அதுவும் கருப்பு. பச்சையில் வாங்கியிருக்கலாமே என்றேன். "வேணாம்கா. இன்னொன்னு விழுந்தா அதுக்கு எப்படி அடையாளம் தெரியும்?"

நிலுவையில் இருப்பவை இரண்டு.

ஒன்று, 2011 செய்திக்குத் திருத்தம். நேற்று எழுதி அனுப்பிவிட்டேன். ஐந்து வரி. அந்தத் தாய் கைவிடவில்லை, பத்து நாளாவது தேடியது, அதை அறிந்தும் நான் எழுதவில்லை. பதினாலு வருடம் கழித்துத் திருத்தமா என்று செழியன் கேட்டார். பிறகு அவரே, ஞாயிறு பதிப்பில் இடம் பார்க்கிறேன் என்றார். மார்ச் 2.

இரண்டு, கேமரா. கம்பளியை அப்படியே கிடக்க விட்டு, எதிரே மரத்தில் ஒன்று கட்டியிருக்கிறார்கள். அதன் மெமரி கார்டை எடுக்கும்வரை யாரும் பாறைப் பக்கம் இறங்கக் கூடாது. எடுக்கும் நாள் மார்ச் 10, திங்கள். இரண்டும் இன்னும் முதுகில் இருக்கின்றனவா என்பது அன்றைக்குத்தான் உறுதியாகும். அதுவரை 'இரண்டும் நலம்' என்று எழுதலாகாது.

பத்தாம் தேதி காலை ஆறு மணி ஜீப்பில் முன் சீட்டு சொல்லிவைத்துவிட்டேன். சுப்புத்தாயும் வருகிறாள்.